தம்பி வாசிக்கும் செய்தி

கரை உடைந்ததைக் கண்ணால் பார்த்த கையோடு செய்தியை அனுப்பிவிட்டு, நிருபர் தில்லைநாயகம் ஆற்றோரம் குடியிருக்கும் அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, கட்டின துணியோட கிளம்பு! வெள்ளம் வருது!"

"இப்பதான் என் தம்பி டிவியில சொன்னான், பயப்பட ஒண்ணுமில்லன்னு."

தில்லைநாயகத்தின் முகத்தையும் குரலையும், கம்ப்யூட்டரே செய்தி வாசிப்பதற்காக, அவன் சேனல் போன வருஷமே வாங்கிவிட்டது. எந்த வீட்டுக்கு எது பிடிக்குமோ, அங்கே அதைத்தான் அந்த முகம் வாசிக்கும். அக்காவுக்குக் கெட்ட செய்தி ஆகாது.

"அது மெஷின்க்கா! நான்தான் நிஜம், தண்ணியில நின்னு பேசுறேன்!"

"யாருடா நீ? என் தம்பின்னா 'சாப்டியாக்கா'ன்னு கேப்பான். தினமும் நியூஸ் முடிஞ்சதும் கேக்குறான்."

தில்லைநாயகம் அப்படிக் கேட்டு எத்தனை வருஷமோ. இப்போது கேட்க அவன் வாயெடுப்பதற்குள் அக்கா போனை வைத்துவிட்டாள்.