பச்சை பிடித்த கம்பி

அண்ணன் ஜெபசிங் இறந்த நாற்பதாம் நாள் கழிந்ததும், அவருடைய மனைவி, எட்வினின் மதினி, அவருடைய பழைய காரை எட்வினின் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். "விக்கணும் தம்பி. சமயத்துல ஸ்டார்ட் ஆக மாட்டேங்கு."

நான்கு வருடங்களுக்கு முன் அப்பாவின் சவப்பெட்டியை மூடிய பிறகுதான் அண்ணன் பஸ்ஸில் வந்து இறங்கினார். கார் கிளம்பவில்லை என்றார். மறுவாரம் அண்ணன் வீட்டுக்குப் போன எட்வின் சாவியைத் திருப்பினான்; உடனே கிளம்பியது. "ஒனக்கு வர மனசில்ல. வண்டி மேல பழியப் போடுத," என்று தெருவே கேட்கக் கத்தினான். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது என்ஜின் கம்ப்யூட்டரில் மீட்டரை வைத்துச் சாவியைத் திருப்பிப் பார்த்தான். ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் அங்கே பன்னிரண்டு வோல்ட் வர வேண்டும். ஒன்பது முறை வந்தது. பத்தாவது முறை முள் அசையவில்லை, என்ஜினும் பிடிக்கவில்லை. அங்கே வரும் ஒயரைக் கீறிப் பார்த்தான். உள்ளே செம்புக் கம்பி பல வருட ஈரத்தில் பச்சை பிடித்து, அறுந்து, தொட்டும் தொடாமலும் கிடந்தது.

"ரொம்ப நாளா இருக்கோ?" என்றாள் மதினி.

"இல்ல மதினி. இப்ப சமீபத்துலதான்."

அவள் முகம் மாறியது. "ஒங்க அப்பா எறந்த அன்னைக்கு நான் ஆஸ்பத்திரியில அவருகூட இருந்தேன், வீட்டுல இல்ல. அப்போ வண்டி கெளம்பலன்னு ஒங்க அண்ணன் எங்கிட்டயும் பொய்தான் சொன்னாவளா?"

எட்வின் ஒயரை அவள் முன்னால் நீட்டினான். "பல வருசப் பழுது மதினி. நான் இப்ப சொன்னதுதான் பொய்."

அவள் ஒயரைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.