காட்டுப் புருவம்

"நூலை எடுங்கக்கா," என்று சொல்லிவிட்டு, பிசியோதெரபிப் பெண் சிகிச்சைக் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

நூலக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு மாதமாக சிகிச்சைக்கு வந்து அந்தக் கட்டிலில் படுத்தது அவளல்லவா!

பதினாறு வருடமாக பியூட்டி பார்லரில் நூலால் புருவம் எடுப்பவள் அக்கா; அதனால்தான் அந்தப் பெயர். நூலின் ஒரு முனை பல்லில், மறு முனை விரலில், தலை எந்நேரமும் குனிந்தபடி. கழுத்து எத்தனை நாள்தான் பொறுக்கும்? உள்ளே நரம்பு நசுங்கி, வலி தோள் வழியாக இறங்கி, வலது கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மரத்தே போயின.

ஒரு நாள் நூல் வழுக்கி, ஒரு வாடிக்கைக்காரியின் இடது புருவத்தில் பாதி போயே போயிற்று. அவள் போட்ட அலறல் தெருமுனை வரை கேட்டது.

பார்லர் முதலாளியம்மா கெடு வைத்துவிட்டாள். திங்கட்கிழமைக்குள் கை சரியானால் வா, இல்லாவிட்டால் உன் இடத்துக்கு வேறு ஆள்.

இன்று சனிக்கிழமை.

இந்தப் பெண்ணும் சும்மா விடவில்லை. கழுத்தெலும்பை ஒவ்வொன்றாக அமுக்கி, அசைத்து, இளக்கினாள். மோவாயை உள்ளே இழுக்கச் சொன்னாள். கையைப் பக்கவாட்டில் நீட்டி, பஸ்ஸை நிறுத்துவதுபோல் உள்ளங்கையை நிமிர்த்தச் சொன்னாள். வீட்டில் அதைச் செய்தபோதெல்லாம், "எந்த பஸ்ஸும் நிக்கலையே," என்று அக்காவின் புருஷன் கிண்டலடித்தான்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள் அக்கா. பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். மல்லாந்து படுத்தால் கண்ணுக்கு நேரே தெரிவது அந்தப் பெண்ணின் புருவங்கள். அம்மாடி, என்ன புருவம் அது! கத்தரியே படாத வேலி. வாரத்துக்கு வாரம் அடர்ந்துகொண்டே போனது. இவ்வளவு படித்தவள் கண்ணாடியே பார்க்க மாட்டாளா என்று அக்கா மனதுக்குள் திட்டாத நாளில்லை.

போன வாரம் அந்தப் பெண்ணின் அம்மாவே வந்து, திரைக்கு அந்தப்பக்கம் நின்று, "இப்பவாவது பார்லருக்குப் போடி!" என்று தலையிலடித்துக்கொண்டாள். மகள் அசைந்தால்தானே!

இப்போது அந்தக் காடு அக்காவின் கைக்குக் கீழே கிடந்தது.

அந்தப் பெண் படுத்தபடியே கட்டிலின் பொத்தானை அழுத்தினாள். கட்டில் மெல்ல மெல்ல உயர்ந்து அக்காவின் நெஞ்சு மட்டத்துக்கு வந்தது. கழுத்தை வளைக்க வேண்டிய அவசியமே இல்லை. பதினாறு வருடத்தில் இப்படி ஒரு யோசனை யாருக்காவது வந்ததா?

"தப்பாப் போச்சுன்னா?"

"போனா முளைக்கும். மோவாயை உள்ள இழுத்துக்கிட்டு ஆரம்பிங்க."

இழுத்துக்கொண்டாள். நூலைக் கடித்தாள், விரலில் முறுக்கினாள். கட்டைவிரலில் நூல் அழுத்துவது தெரிந்தது.

தெரிந்தது!

அவ்வளவுதான், அக்காவுக்குப் பழைய வேகம் வந்துவிட்டது. சர்ரு சர்ரென்று நூல் ஓடியது. அந்தப் பெண்ணின் கண்ணோரம் நீர் வடிந்தது. பத்தே நிமிடம். இரண்டு புருவமும் ஒன்றுபோல் வளைந்து நின்றன. இடது பக்கம் ஒரு முடிகூட அதிகமாகப் போகவில்லை.

அக்கா கையை உதறிப் பார்த்தாள். மரப்பு இல்லை, வலி இல்லை. சந்தோஷத்தில் குதித்தே விட்டாள்.

"திங்கட்கிழமை பார்லருக்கு மொத ஆளாப் போய் நிக்கப்போறேன்! உனக்கும் அன்னைக்கு ஒரு ஃபேஷியல் போட்டுவிடறேன், வந்துடு!"

"திங்கட்கிழமை வர முடியாதுக்கா."

கண்ணாடியில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினாள்.

அக்கா பிரித்தாள். கல்யாணப் பத்திரிகை. மணமகள் இடத்தில் அந்தப் பெண்ணின் பெயர். தேதியைப் பார்த்தாள்.

நாளைக் காலை.

"அடிப்பாவி!" என்று கத்தினாள் அக்கா. கல்யாணப் பெண்ணின் மோவாயைப் பிடித்துத் திருப்பி, இடது புருவத்தை முடி முடியாக மறுபடியும் சரிபார்த்தாள்.