யாரைக் கேட்டுக் கம்பி போட்டீங்க?

“யாரைக் கேட்டு சார் கம்பி போட்டீங்க?”

கேட்டுவிட்டு அவள் தோளில் தூங்கிய கைக்குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் எல்லா வீட்டுக்காரர்களும் கூடியிருந்தார்கள். படிக்கட்டு ஜன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி போட்டுவிட்டு, அந்தச் செலவுக்காக மாதப் பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றியிருந்தார் செயலாளர். டயர்க் கடை வைத்திருப்பவர். மூன்றாவது மாடியில் அவளுக்கு எதிர்வீடு.

“அவசரம்மா. அதான் யாரையும் கேக்கல.”

“கட்டின நாள்லேருந்து திறந்து கிடக்கிற ஜன்னலுக்கு இப்ப என்ன அவசரம்?” என்றார் கீழ்வீட்டு வங்கிக்காரர்.

“மழை, காத்து...” செயலாளர் இழுத்தார்.

“கம்பி போட்டா மழை உள்ளே வராதோ?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் கணவனுக்கு இப்போது அரைச் சம்பளம். பால் மாவுக்கே இழுபறி. இதில் இது வேறா? கட்டாவிட்டால் தண்ணீரை நிறுத்திவிடுவார்களோ?

“வெல்டிங் பட்டறை உங்க மச்சானோடதாமே சார்?”

“ஆமாம்மா. சொன்ன உடனே ஓடி வர வேற யாரு இருக்கா?”

“கமிஷனும் ஓடி வந்திருக்குமே!” என்றார் வங்கிக்காரர்.

செயலாளரின் முகம் சுண்டிப்போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியாரைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

ஊரிலிருந்து நேற்றுதான் வந்திருந்த மாமியார் முணுமுணுத்தாள். “ரெண்டு பிள்ளைங்களைப் பாத்துக்கத் துப்பில்ல. நியாயம் கேக்க வந்துட்டா.”

அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. “எங்களால கட்ட முடியாது சார். தண்ணியை நிறுத்துறதுன்னா நிறுத்திக்குங்க.”

“அப்படியெல்லாம் பேசாதம்மா. முடியறப்போ குடு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “உங்க வாசக்கதவுக்கு மேல்தாழ் இல்லை பாரு. முதல்ல அதைப் போட்டுக்கோ. பத்திரமா இரு.”

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

“கேட்டீங்களா எல்லாரும்? நான் தனியா இருக்கேன்னு மிரட்டுறாரு!”

அவ்வளவுதான். ஆளாளுக்குக் கத்தினார்கள். செயலாளரை மாற்ற வேண்டும் என்றார் வங்கிக்காரர். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அவள் கைதான் முதலில்.

செயலாளர் மோட்டார் அறைச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு மாடியேறிப் போனார்.

மாமியார் கீழேயே பேசிக்கொண்டு நின்றாள். அவள் கைக்குழந்தையோடு மேலே ஏறினாள். நாலு வயது மகள் முன்னால் ஓடி, மூன்றாவது மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா, இனிமே இங்க உக்காரவே முடியாது.”

“எங்கடி?”

“இந்த ஜன்னல்லதான். அன்னைக்கு நீயும் தம்பியும் தூங்கிட்டீங்கல்ல? நானே கதவைத் திறந்துட்டு வந்து, காலை வெளிய தொங்கப் போட்டுக்கிட்டு, அப்பா வர்றாரான்னு பாத்தேன்.”

எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

மகள் அவள் காதருகே வந்து கிசுகிசுத்தாள்.

“டயர் மாமாதான் தூக்கிட்டு வந்து விட்டாரு. ‘யார்கிட்டயும் சொல்லிடாதே கண்ணு, எல்லாரும் அம்மாவைத் திட்டுவாங்க’ன்னாரு.”