எண்பத்தாறை இறக்குங்க

"அந்த எண்பத்தாறாம் நம்பர் வண்டியிலேருந்து அவனை முதல்ல இறக்குங்க. அவனுக்கு ஓட்டவும் தெரியாது, ஓட்டறதை விட்டுத் தொலையவும் தெரியாது."

அந்தக் கரகரத்த குரல் கேட்டால் நடீன் கிரிக்ஸ் நாற்காலியில் சாய்ந்துகொள்வாள். அவள் நடத்தும் திங்கட்கிழமை சாயங்கால வானொலி நிகழ்ச்சியில் ஸ்டாக் கார் பந்தயத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் கூப்பிட்டுப் பேசலாம். ஆனால் அமெரிக்காவில் வட கரோலினாவின் அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் இந்த ஒரு மனிதரின் வசவைக் கேட்கத்தான் காத்திருந்தார்கள்.

பெயர் சொல்ல மாட்டார். எல்லர்பியிலிருந்து பேசுகிறேன் என்பார், அவ்வளவுதான். எல்லோருக்கும் அவர் எல்லர்பிக்காரர்.

அவருக்கு இந்தக் காலத்துப் பந்தயத்தில் எதுவுமே பிடிக்காது. நடுநடுவே நிறுத்திப் புள்ளி கொடுப்பது பள்ளிக்கூட விளையாட்டு விழா மாதிரி இருக்கிறது என்பார். எல்லா வண்டியும் ஒரே அச்சில் வார்த்தவை, மேலே ஒட்டுகிற ஸ்டிக்கர்தான் வேறு என்பார். ஜனங்கள் பந்தயம் பார்க்க வருவதில்லை, வறுத்த கோழியைக் கடித்துக்கொண்டே யாராவது சுவரில் மோத மாட்டானா என்று பார்க்க வருகிறார்கள் என்பார். எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் கோய் லெட்பெட்டரிடம் வந்து நிற்பார்.

கோய்தான் எண்பத்தாறை ஓட்டுபவன். சின்ன வயது, பயமில்லாத கை. பெரிதாக ஜெயித்ததில்லை, அதற்காக மோசமும் இல்லை. அவன் அண்ணன் ஹார்லனும் பந்தயக்காரன். சில வருடங்களுக்கு முன்னால், கடைசித் திருப்பத்தில் வண்டி சுவரில் மோதித் தீப்பிடித்து, அத்தனை ஜனங்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்தவன்.

எல்லர்பிக்காரர் அதையும் விட்டுவைக்கவில்லை. "அண்ணன் செத்த அன்னிக்கே இவன் இறங்கியிருக்கணும். துக்கம் ஆறறதுக்குள்ள அதே தடத்துல வந்து வண்டி ஏறினானே, அவனெல்லாம் மனுஷனா?" என்று ஒரு திங்கட்கிழமை கேட்டார்.

அன்றைக்கு நடீனின் விரல் இணைப்பைத் துண்டிக்கிற பொத்தான் வரைக்கும் போனது. அழுத்தவில்லை. இந்த மனிதர் வந்த பிறகுதான் நிகழ்ச்சி பிழைத்தது என்பது அவளுக்குத் தெரியும்.

அப்புறம் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 'எண்பத்தாறை இறக்கு' என்று எழுதிய பனியனைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கே வந்தார்கள். கோய் வண்டிக்குப் பணம் கொடுத்து அதில் பெயர் போட்டிருந்த கோழித்தீவனக் கம்பெனிக்காரர்களும் வானொலி கேட்கிறவர்கள்தானே. அவர்கள் கழன்றுகொண்டார்கள். டீம் அவனை நீக்கிவிட்டது.

நீக்கிய செய்தி வந்த அந்தத் திங்கட்கிழமை, கோயே நடீனுக்கு எதிரில் வந்து உட்கார்ந்திருந்தான். வருவான் என்று நம்பாமல்தான் அவள் கூப்பிட்டிருந்தாள். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, ஊற்றிக் கொடுத்த இனிப்புத் தேநீரைத் தொடாமல் இருந்தான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூசியது.

நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் மெதுவாகச் சொன்னாள். "அந்த ஆளை நான் எப்பவோ கட் பண்ணியிருக்கணும் தம்பி. தப்பு என்னோடது."

"நல்லவேளை, பண்ணலை" என்றான் கோய். "எந்த ஊர்ல இருந்தாலும் திங்கட்கிழமை இதைக் கேட்டுடுவேன்க்கா. வேற எதுக்கும் இல்லை, அவர் பேசறதைக் கேக்கத்தான்."

திட்டுக் கேட்டுக் கேட்டு இவனுக்கு உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்று நடீன் நினைத்துக்கொண்டாள்.

விருந்தாளி யாரென்று அவள் நேயர்களுக்குச் சொல்வதற்கு முன்பே தொலைபேசி விளக்கு மின்னியது. எல்லர்பி. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கோய் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கொடுங்கள் என்று கை காட்டினான்.

"ஏம்மா நடீன், செய்தி நிஜந்தானா? நீக்கிட்டாங்களா?"

"நீக்கிட்டாங்க. இப்பத் திருப்திதானே உங்களுக்கு?"

சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு மட்டும் கேட்டது. கிணற்றிலிருந்து மேலே வந்தவன் விடுகிற மூச்சு மாதிரி.

"திருப்திதாம்மா" என்றார். குரல் தழைந்திருந்தது. "ஆனா இதோட விடக் கூடாது. பழைய தகரத்தை ஒட்டவெச்சு வண்டின்னு ஓட்டற சில்லறை டீமுங்க நிறைய இருக்கு. மோதினா அப்பளம். அவனுங்க எவனும் இவனைக் கூப்பிட்டுடக் கூடாது. கேக்கறவங்க அத்தனை பேரும் அவனுங்களுக்கு போன் போட்டுச் சொல்லுங்க."

நடீனுக்குப் பொறுக்கவில்லை. பிழைப்பும் போன பிறகு துரத்தித் துரத்தி அடிக்க ஒரு மனிதனுக்கு எப்படி மனது வருகிறது?

"அந்தப் பையன் உங்களுக்கு என்னய்யா கெடுதல் பண்ணினான்?"

இந்தத் தடவை நிஜமாகவே துண்டித்துவிடுவது என்று பொத்தான் மேல் விரலை வைத்தாள்.

கோய் எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மைக்கைத் தன் பக்கம் இழுத்து, சின்னப் பிள்ளை தப்பை ஒப்புக்கொள்வதுபோல் சொன்னான்.

"அப்பா, அந்த மாதிரி வண்டி ஒண்ணு கிடைச்சிடுச்சுப்பா."