நாலாவது திசு

“எதைக் கேட்டாலும் சரி, வாயை மட்டும் மூடிராதே சுப்பையா. பேசிக்கிட்டே இரு. மத்தத நான் பாத்துக்கறேன்.”

“என்னத்தப் பேசுறது வாத்தியாரே? எனக்கு ஒரு எழவும் தெரியாதே!”

“உன் வீட்டுக் கதையைப் பேசு. மொகத்தை மட்டும் படிச்சவன் மாதிரி வச்சுக்கோ.”

மலாக்காவின் காஜா பேராங் தெருவில் மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்தில் அன்று காலை தேர்வு. ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்ட ஆஸ்பத்திரியில் ஆள் குறைப்பு. பதில் சொல்கிறவன் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸருக்கு உதவியாக அங்கேயே இருக்கலாம். சொல்லாதவன் சயாமுக்கு ரயில்பாதை போடப் போக வேண்டும். அப்படிப் போனவர்களிடமிருந்து இதுவரை ஒரு சேதியும் இல்லை.

சுப்பையன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்குகிறவன். ஜெயபாலன் அதே பள்ளியில் உடற்கூறு சொல்லிக்கொடுத்தவர். இப்போது ஜப்பானியம் கற்று மொழிபெயர்ப்பாளர். திருட்டுத்தனம் தெரிந்தால் அவர் தலையும் மிஞ்சாது.

தேர்வு நடத்த வந்த ஜப்பானிய டாக்டர் மலாக்காவுக்குப் புதியவர். கேள்வியை ஜப்பானியத்தில் கேட்டார்.

“ஒடம்புல திசு எத்தன வகை, ஒவ்வொண்ணுக்கும் என்ன வேலைன்னு கேக்கறார். ஆரம்பி.”

சுப்பையன் நெஞ்சை நிமிர்த்தினான். “அரிசி கண்ணுல பட்டு மூணு மாசமாச்சு. விடிஞ்சா மரவள்ளி, பொழுது சாஞ்சா மரவள்ளி. பெஞ்சாதி கமலவேணி அதையே தோசைங்கிறா, புட்டுங்கிறா. வாயில வச்சா எல்லாம் ஒரே பசை!”

ஜெயபாலன் ஜப்பானியத்தில் தொடங்கினார்: “நான்கு வகை. முதலாவது எபிதீலியத் திசு. உடம்பை வெளியிலும் உறுப்புகளை உள்ளேயும் போர்த்திக் காக்கும்.”

டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“அத்தாப்பு ஓலைக் கூரை ஒழுகுது. இழுத்துக் கட்டலாம்னா பிரம்பு கெடைக்கல.”

“இரண்டாவது இணைப்புத் திசு. எலும்பு, கொழுப்பு, இரத்தம் எல்லாம் இதில் சேரும். உறுப்புகளைத் தாங்கும், பிணைக்கும்.”

சுப்பையனின் குரல் இறங்கியது. “கமலவேணிக்கு இது ஒம்பதாம் மாசம் வாத்தியாரே. முன்ன ரெண்டும் தங்கல. நான் சயாம் போயிட்டா, அவளத் தூக்கிட்டு ஓட ஒரு நாதி இல்ல.”

ஜெயபாலன் டாக்டர் பக்கம் திரும்பினார். “மூன்றாவது தசைத் திசு,” என்றார். “சுருங்கி விரிந்து உடம்பை அசைக்கும். இதயமும் தசைதான்.”

நாலாவது எது? பன்னிரண்டு வருடம் கரும்பலகையில் எழுதியது, அந்த நிமிஷம் துடைத்துவிட்டாற்போல் போய்விட்டது. விரல்களை மடக்கி எண்ணினார்; மூன்றுக்கு மேல் போகவில்லை.

டாக்டர் முத்திரையை எடுத்துச் சுப்பையனின் தாளில் குத்தினார்.

தேர்ச்சி!

“யாத்தே!” சுப்பையன் துள்ளினான். “என் மரவள்ளிக்கு மார்க்குப் போட்டுட்டாரு வாத்தியாரே! இப்படி ஒரு ஏமாளி டாக்டர நான் பாத்ததே இல்ல!”

“சும்மா இருடா!” ஜெயபாலனுக்கும் சிரிப்பு முட்டியது. குனிந்து வணங்கிவிட்டு, அவனை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு நடந்தார்.

பின்னாலிருந்து, அச்சு அசல் தோட்டத்துத் தமிழில் டாக்டரின் குரல் வந்தது:

“நாலாவது நரம்பு, வாத்தியாரே. ஜொகூர் ரப்பர் தோட்டத்துல பத்து வருசம் தமிழாளுங்களுக்குத்தான் வைத்தியம் பாத்தேன். கமலவேணிக்கு வலி கண்டா எனக்குச் சொல்லி அனுப்புங்க.”