பூச்சின் மேல் படர்ந்த மங்கல்

அணுஉலைக்குள் நுழைந்த நாளில் குரோமியப் பூச்சுக்குத் தலைகால் புரியவில்லை. எரிபொருள் குழாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "அண்ணே, என் மினுமினுப்பைப் பார்த்தியா?" என்று ஓயாமல் கேட்டாள்.

"பார்த்தேன் தாயே. வெந்நீர் என்னைத் தின்னாம பார்த்துக்கோ, அது போதும்," என்றது குழாய்.

கொஞ்ச நாளில் அவள் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல் படர்ந்தது. சுற்றி ஓடிய வெந்நீர் உச்சுக் கொட்டியது. "ஐயோ அக்கா, முகம் இப்படிக் கறுத்துப் போச்சே! குழாயைத் தாங்கிப் பிடிச்சிருக்கே, அந்தக் கம்பியில லேசா தேய்ச்சுக்கோ, பளிச்சுனு ஆயிடுவே."

அவளும் குலுங்கிக் குலுங்கித் தேய்த்தாள். குழாய்க்குக் கூச்சம் தாங்கவில்லை. "நிறுத்துடி, சிரிச்சே செத்துருவேன்!" என்று நெளிந்தது. திடீரென்று, "ஐயோ, கடிக்குது!" என்று அலறியது.

பூச்சு திரும்பிப் பார்த்தாள். தேய்த்துப் பளபளத்த இடத்தில் அவள் நூலாக மெலிந்திருந்தாள். அங்கேதான் வெந்நீர் பல்லைப் பதித்திருந்தது. மங்கிய இடங்களிலோ பிடி கிடைக்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது.

அன்றோடு அவள் கம்பிப் பக்கம் போகவில்லை. மங்கல் மெல்ல மெல்ல உடம்பு முழுக்கப் படர்ந்தது.

"சகிக்கலை அக்கா! அடுப்புக்கரி தோத்துது போ!" என்று வெந்நீர் கத்தியது.

"நிஜமாவா? இன்னொரு தடவை சொல்லேன்!" என்று குதித்தாள் பூச்சு.