கடைசி பெஞ்சுப் பெண்

முன்சீப் ராஜமாணிக்கத்துக்கு அந்தப் பெண்மேல் முதல் நாளே சந்தேகம் விழுந்தது. கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வாதத்தைக் கவனிக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் வந்தாள்.

அப்போது அவர் விசாரித்துக்கொண்டிருந்த கண்டனூர் வீட்டு வழக்கில் அண்ணன் தம்பி இரண்டு பேருமே எதற்கும் துணிந்தவர்கள். இவளை அனுப்பியது அவர்களில் யார்? தன்னை வேவு பார்க்கவா, வம்பில் மாட்டிவிடவா?

மூன்றாம் நாளும் அவள் வந்து உட்கார, டவாலிச் சேவகனை அனுப்பித் தன் அறைக்கு அழைத்தார்.

“இந்த வழக்குல நீங்க எந்தக் கட்சி?”

“எனக்கு வழக்கே கிடையாதுங்க.”

“பிறகு எதுக்குத் தினமும் வாரீக? என்னை எடைபோடச் சொல்லி அனுப்புனது யாரு?”

“எடைபோடத்தான் வந்தேன். யாரும் அனுப்பலை” என்றாள் அவள் நிதானமாக. “நான் கண்டரமாணிக்கம் திலகவதி. அடுத்த மாசம் நமக்குக் கல்யாணம்.”

முன்சீப்புக்கு வியர்த்துவிட்டது.

“போட்டோகூடப் பாக்காம, யாரா இருந்தாலும் சரின்னு உங்க ஆத்தாகிட்டச் சொன்னீகளாம். முன்சீப்புன்னதும் எங்க அய்யாவும் தலையாட்டிட்டாரு. நானாவது பாக்க வேணாமா?”

“பாத்து... என்ன முடிவு பண்ணீக?”

“நேத்து அந்த வயசான சாட்சி பயந்து திணறுனப்ப, வக்கீலை அடக்கிட்டு, உக்காரவச்சுத் தண்ணி குடுக்கச் சொன்னீகள்ல? அப்பவே முடிவு பண்ணிட்டேன்.”

“பிறகு இன்னைக்கு ஏன் வந்தீக?”

அவள் முதல்முறையாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“சும்மா பாக்கத்தான்.”